தேசாதிபதி வீட்டுப் பசை

அந்த வீட்டில் மேசைமேல் ஒரு கடதாசித் துண்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினீர்களோ, போச்சு! மறுபடி பார்க்கிறபோது அது அல்பத்தில் ஒட்டுப்பட்டிருக்கும். மீன் வாங்கின சிட்டை, மருந்துப் பெட்டியின் மூடி, தோடம்பழத்தைச் சுற்றிவருகிற படம் போட்ட மெல்லிய தாள், தண்ணீர்க் குழாய் திருத்த வந்தவர் மறந்துவிட்டுப் போன அளவுக் குறிப்பு, எதுவென்றாலும் சரி. ஒருமுறை நான் கடைக்குப் போக எழுதி வைத்த பட்டியலைத் தேடு தேடென்று தேடினேன். கடைசியில் அது யாரோ ஓர் இளவரசியின் மகளுடைய கலியாண அழைப்பிதழுக்குப் பக்கத்தில் இருந்தது. தங்க எழுத்து, கிரீடம் போட்ட முத்திரை, அதற்குப் பக்கத்தில் முட்டை, வெங்காயம், சவர்க்காரம் என்று என்னுடைய கோழிக் கிறுக்கல். பார்த்ததும் எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நான் இத்தாலியில், பலெர்மோவில், பதினொரு வருஷம் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவை, அதுதான் வீட்டு எசமானியைப் பற்றித்தான் சொல்கிறேன். அவருடைய பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருடைய தம்பியின் மகன் மிலானோவில் இருந்து வக்கீலையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்பான், அவன் அப்படிப்பட்ட ஆள். சிஞ்ஞோரா கண்ணை மூடி இப்போது மூன்று வருஷமாகிறது. அவர் கதைத்தது இத்தாலியன்தான். ஆனால் என் வாயால் வரும்போது அது யாழ்ப்பாணத்துத் தமிழாகத்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மொண்டெல்லோவில் ஒரு வீட்டைக் கூட்டிக் கழுவிவிட்டு, இரண்டு பஸ் மாறி, பல்லரோச் சந்தைக்குள்ளால் நடந்து போய் அந்தப் பெரிய மரக் கதவைத் தட்டினேன். வேலைக்காரர் யாராவது திறப்பார்கள் என்று பார்த்தால் அவரே திறந்தார். ஈர்க்குச்சி மாதிரி உடம்பு. மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் இன்னொரு கண்ணாடி. விரல்களெல்லாம் வெள்ளையாகக் காய்ந்துபோன பசை. சமைக்கத் தெரியுமா, இஸ்திரி போடத் தெரியுமா என்று ஒரு கேள்வி இல்லை.

"எதிலை வந்தனீ?"

"பஸ்ஸிலை, சிஞ்ஞோரா."

"ரிக்கற் எங்கை? தா பாப்பம்."

நான் பயந்துபோனேன். ரிக்கற் எடுக்காமல் ஓடி வந்தவள் என்று நினைத்துவிட்டாரோ? பையைக் கிளறி எடுத்துக் கொடுத்தேன். வாங்கினார், ஒரு சிறிய தூரிகையால் பின்பக்கம் பசை தடவினார், மேசையில் விரித்திருந்த தடித்த புத்தகத்தில் ஒட்டினார், உள்ளங்கையால் மூன்று தரம் அழுத்தினார். அதன் கீழே பேனாவால் எழுதினார்: புதுப் பெட்டை, செவ்வாய்க்கிழமை. அவ்வளவுதான், என்னை வேலைக்கு எடுத்தாயிற்று!

"ஒட்டாட்டி அது நடக்கவே இல்லை" என்பது அவர் வாயில் ஓயாமல் வருகிற பேச்சு. காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம் கேட்கலாம். மழை பெய்ததற்குக்கூட அவரிடம் அத்தாட்சி இருந்தது. கூரை ஒழுகிக் கறை பட்ட ஒரு துண்டுச் சுவர்க் கடதாசியை வெட்டி எடுத்து ஒட்டி வைத்திருந்தார்.

அவருக்கு அது பரம்பரை வியாதி. அவருடைய அம்மாவின் அப்பா ஓர் ஆங்கிலேயப் பிரபு, பெரிய இடம். ஒரு காலத்தில் எங்கே தேசாதிபதியாக, அதுதான் கவர்னராக, இருந்தார் தெரியுமா? எங்களுடைய நாட்டில்தான்! இலங்கையில்! அவருடைய மனைவிதான் அந்த வீட்டில் பசைத் தூரிகையை முதலில் கையில் எடுத்தவர். அவரிடமிருந்து மகள். மகள் பலெர்மோப் பிரபு ஒருவரைக் கலியாணம் கட்டி வந்தபோது கப்பலில் நகை வந்ததோ இல்லையோ, நான்கு பழைய அல்பங்கள் வந்தன. மகளிடமிருந்து எங்கள் சிஞ்ஞோரா.

இது எனக்கு இரண்டாம் நாள்தான் தெரிந்தது. கோப்பி கொடுக்கும்போது சாதாரணமாகக் கேட்டார்.

"நீ எந்த நாடு?"

"ஸ்ரீலங்கா."

"சிலோனோ? சிலோனோ?" கோப்பி அரைவாசி தட்டில் ஊற்றுப்பட்டது. எழுபது தாண்டின மனிசி எழும்பி ஓடினார்! உண்மையாகவே ஓடினார். அலுமாரியைத் திறந்து, ஒரு ஆளால் தூக்க முடியாத கனமான ஒரு தோல் அல்பத்தை இழுத்துக்கொண்டு வந்தார். நான் ஒரு பக்கம் பிடிக்க, அவர் ஒரு பக்கம் பிடிக்க, மேசையில் போட்டுத் திறந்தோம்.

முருகா! என்ன சொல்ல! விருந்துகளின் சாப்பாட்டுப் பட்டியல்கள். நடனத்தில் யார் யாரோடு ஆடுவது என்று பெயர் எழுதின சின்னச் சின்ன அட்டைகள், அதில் தொங்குகிற பென்சில் நூலோடு. சலவைக்குப் போட்ட துணிகளின் கணக்கு. ஒரு பிள்ளையின் முதல் முடி. தந்திகள். ஒரு பாம்புச் செட்டைகூட இருந்தது, வால் முழுசாக. பிறகு படங்கள். யானை, குடை பிடித்த வெள்ளைக்காரச் சீமாட்டிகள், ரயில். ஒரு பக்கத்தைத் திருப்பினேன். வரிசையாகப் பனை!

"பனை! பனை! இது எங்கடை பக்கம்!" என்று கையைத் தட்டிக் கத்திவிட்டேன். என்னைப் பார்த்து அவரும் கையைத் தட்டினார். எதற்கென்று தெரியாமலே தட்டினார்.

"அப்ப இது தென்னை இல்லையோ? அம்மம்மா தென்னை எண்டெல்லோ எழுதியிருக்கிறா."

"உங்கடை அம்மம்மாவுக்குத் தெரியாது, சிஞ்ஞோரா. இது பனை. தென்னை வேறை, பனை வேறை. நாடு ஆள வந்தவை, இது தெரியாமலோ ஆண்டவை?"

வேலைக்கு வந்து இரண்டாம் நாள்! என் வாய்க்குப் பூட்டு இல்லை என்று அம்மா சொல்லுவது சும்மா இல்லை. ஆனால் அவருக்குக் கோபம் வரவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு சின்னத் தாள் துண்டில் பனை என்று என்னைத் தமிழில் எழுதச் சொல்லி, அம்மம்மாவின் எழுத்துக்கு மேல் ஒட்டினார்.

பசை காய்ச்சுவது சனிக்கிழமை வேலை. கடையில் விற்கிற குழாய்ப் பசையைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. "அது பத்து வருஷத்திலை மஞ்சளாப் போய்க் கழண்டு விழும். எங்கடை பசை நூறு வருஷம் நிக்கும்" என்பார். கோதுமை மா, தண்ணீர், கொஞ்சம் படிகாரம், பூச்சி வராமல் இருக்கக் கராம்புத் தூள். களி மாதிரிக் கட்டிபடவும் கூடாது, கஞ்சி மாதிரி ஓடவும் கூடாது. நான் கிண்டிக்கொண்டே இருக்க, அவர் கரண்டியில் எடுத்து, விரலில் தொட்டு, சில நேரம் நாக்கிலும் வைத்துப் பார்ப்பார். "உப்புப் போடேல்லையோ?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் எனக்குச் சன்னதம் வந்துவிட்டது.

வீட்டில் சரியான வேலை. யன்னல் கண்ணாடியெல்லாம் வினாகிரி போட்டுத் துடைத்து முதுகு முறிந்துபோய் நின்றேன். சிஞ்ஞோரா அந்தப் பழைய அல்பத்தில் ஒரு பக்கத்தைக் காட்டினார். தேசாதிபதி மாளிகையின் புல்தரை. குடும்பம் முழுக்க நிற்கிறது. கீழே வரிசையாகப் பெயர்கள். சேர் இன்னார், லேடி இன்னார், கப்டன் இன்னார். முன்னால் இரண்டு நாய்கள் படுத்திருக்கின்றன. அவற்றுக்கும் பெயர் இருக்கிறது, அதுவும் பெரிய எழுத்தில்! பின்னால் வெள்ளைச் சேலை கட்டின ஒரு பெண், கையில் குழந்தை. குழந்தைக்கு நான்கு பெயர். அந்தப் பெண்ணுக்குக் கீழே "ஆயா", அவ்வளவுதான்.

"நாய்க்குப் பேர் இருக்கு" என்றேன். "இந்த மனிசிக்கு இல்லையோ?"

சிஞ்ஞோரா படத்துக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறது அவ. நாய் என்ன செய்தது? படுத்துக் கிடந்தது. அதுக்கு ரண்டு பேர்!"

அவர் மூக்கில் இருந்த கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தக் குழந்தை என்ரை அம்மா" என்றார். "சாகும் வரைக்கும் இவவைப் பற்றித்தான் கதைச்சவா. ஏதோ ஒரு பாட்டுக்கூட முணுமுணுப்பா. நான் சின்னனிலை கேட்டனான், அவவின்ரை பேர் என்ன எண்டு. 'ஆயா' எண்டு சொன்னா. 'அது சரி, பேர் என்ன?' எண்டு திரும்பக் கேட்டன். அப்பதான் அம்மாவின்ரை முகம் மாறினது. தனக்குப் பேர் தெரியாது எண்டது அதுவரைக்கும் அவவுக்கே தெரியேல்லை."

அத்தோடு நான் விட்டிருக்கலாம். விட்டால் அது நானா?

"நீங்களும் ஒண்டும் குறைச்சல் இல்லை. என்னையும் புதுப் பெட்டை, செவ்வாய்க்கிழமை எண்டுதானே எழுதினீங்கள்."

அவருடைய முகம் காதுவரை சிவந்தது. எனக்கு உடனே ஐயோ என்று போய்விட்டது. அன்று பின்னேரம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் கதவைத் திறந்தவர், காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பஸ் ரிக்கற் பக்கத்தின் முன்னால் இருத்தினார். "எழுது. முழுப் பேரும் எழுது" என்றார். அப்பாவின் பெயர், என் பெயர், இவருடைய, அதுதான் என் மனிசனுடைய, பெயர் என்று நான் எழுத எழுத அது பக்கத்தின் விளிம்பைத் தொட்டுக் கீழே மடங்கியது. "இவ்வளவும் சேர்ந்து நீ ஒராள்தானோ?" என்று கேட்டு, எண்ணிப் பார்த்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வந்த ஒருவரையும் அவர் பெயர் எழுதாமல் விடவில்லை. தபால்காரர், லிப்ட் திருத்துகிறவர், வீடு ஆசீர்வதிக்க வந்த பாதிரியார், எல்லாரும் பேனாவைப் பிடிக்கத்தான் வேண்டும். பல்லரோவில் இருந்து மீன் கொண்டு வருகிறவர் மட்டும், இது நகரசபையில் தன்மேல் முறைப்பாடு கொடுக்கிற வேலை என்று சந்தேகப்பட்டுத் தன் மச்சானின் பெயரை எழுதிவிட்டார். ஆறு மாதம் கழித்து உண்மை தெரிந்து, சிஞ்ஞோரா அவரை வாசலிலேயே நிறுத்தித் திருத்தி எழுத வைத்தார். கையிலே சூரை மீனோடு எழுதினார் பாவம்.

பிறகு அந்தத் தம்பி மகன் வந்தான். கூடவே பழம்பொருள் காட்டுகிற நூதனசாலையில் இருந்து ஒரு பெண், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு. சிஞ்ஞோராவுக்குப் பிறகு தேசாதிபதி காலத்து நான்கு அல்பங்களையும் தாங்கள் எடுத்துப் பாதுகாக்கப் போவதாகச் சொன்னார். அவை இருக்கிறபடியே இருக்க வேண்டும், இனி ஒரு சொட்டுப் பசை படக்கூடாது என்றார். பனைத் துண்டைப் பார்த்து அவருடைய வாய் திறந்தபடி நின்றது. "சியா, சத்தியம் பண்ணுங்கோ" என்றான் தம்பி மகன். சியா என்றால் மாமி. சிஞ்ஞோரா நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். புது அல்பங்களில் என்ன வேண்டுமானாலும் ஒட்டலாம், பழையதில் கை வைப்பதில்லை என்பது பேச்சு.

இனி என் கதைக்கு வருகிறேன். என்னுடைய மகள் அப்போது யாழ்ப்பாணத்தில் என் தங்கச்சியோடு இருந்தாள். மூன்று வயதில் விட்டுவிட்டு வந்தது, ஏழு வயதாகிவிட்டது. அவளை இங்கே எடுக்க நாங்கள் கடதாசிக்குமேல் கடதாசியாகக் கொடுத்து, கடைசியில் கொழும்பில் விசாவுக்கு ஒரு நாள் கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை. அதற்கு என்னுடைய புதுப் பெர்மெசோவின் பிரதி வேண்டும். பெர்மெசோ என்றால் நாங்கள் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி அட்டை. அதைப் புதுப்பிக்கக் கொடுத்தால் தபால் கந்தோரில் ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் குவெஸ்தூராவில், அதுதான் பொலிஸ் தலைமையகத்தில், புது அட்டையைத் தருவார்கள். துண்டு தொலைந்தால் முறைப்பாடு எழுத வேண்டும், திரும்ப நாள் எடுக்க வேண்டும், அது மாதக் கணக்கில் போகும். திங்கட்கிழமை தவறினால் கொழும்பில் அடுத்த நாள் எப்போது என்று கடவுளுக்கும் தெரியாது.

எனக்குக் குவெஸ்தூராவில் தந்த நேரம் வியாழக்கிழமை பதினொரு மணி. அன்று காலை வழக்கம்போல ஏழு மணிக்கே சிஞ்ஞோரா வீட்டுக்குப் போனேன். துண்டையும், மிஞ்சிக் கிடந்த என் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றையும் ஓர் உறையில் போட்டுக் குசினி மேசையில் வைத்துவிட்டு மொட்டை மாடிக்கு உடுப்புக் காயப்போடப் போனேன். மூன்று வருஷத்துக்கு மேல் அங்கே வேலை செய்த பிறகும், அந்த வீட்டு மேசையில் கடதாசியை வைத்துவிட்டுப் போன மோட்டுப் பெண் உலகத்திலேயே நான் ஒருத்திதான்!

இறங்கி வந்தேன். உறை வெறுமையாகக் கிடந்தது.

"சிஞ்ஞோரா!"

"இஞ்சை வா, இஞ்சை வா! ஓடி வா!" என்று வரவேற்பறையில் இருந்து குரல் வந்தது. பிறந்தநாள் பிள்ளை மாதிரிச் சந்தோஷக் குரல். போய்ப் பார்த்தால், முன்னால் விரிந்திருப்பது பழைய அல்பம். சத்தியம் பண்ணின அல்பம்! அந்தப் புல்தரைப் படம். ஆயாவுக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த இடத்தில் என்னுடைய துண்டு. அதற்குமேலே என் முகம். பசை மினுங்கிக்கொண்டிருந்தது.

"பார்!" என்றார். கண்ணெல்லாம் நீர். "இவவின்ரை பேரை இனி ஆராலும் கண்டுபிடிக்க ஏலாது. இவவுக்குப் பக்கத்திலை ஒரு பேராவது முழுசா நிக்கட்டும் எண்டு நினைச்சன். அரசாங்கமே அச்சடிச்ச பேர், பாத்தியோ? ஒரெழுத்து விடேல்லை."

நான் நிலத்தில் குந்திவிட்டேன். "ஐயோ! ஐயோ என்ரை பிள்ளை!" என்று தலையில் அடித்துக்கொண்டு தமிழில் கத்தினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் என் நிறத்தைப் பார்த்து அவருடைய நிறமும் போய்விட்டது. விக்கி விக்கி ஒருமாதிரி இத்தாலியனில் சொல்லி முடித்தேன். கொழும்பு, திங்கட்கிழமை, மகள், துண்டு. அவர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தண்ணி கொதிக்க வை" என்றார் அடுத்த நிமிடம். "ஆவி பிடிச்சால் பசை விடும்."

கேத்திலைக் கொதிக்க வைத்து ஆவி பிடித்தோம். அந்தத் தபால் கந்தோர்க் கடதாசி சூடு பட்டால் கறுக்கிற இனம். மூலை ஒன்று மளமளவென்று கறுத்துக்கொண்டு வந்தது. இன்னும் இரண்டு விரல்கடை போனால் கோடு கோடான இலக்கம் இருக்கிற இடம்! கேத்திலைத் தட்டிவிட்டேன். மெல்லிய கத்தியை விட்டுப் பார்த்தோம். பசையா அது? நாங்களே காய்ச்சின பசை, நூறு வருஷம் நிற்கிற பசை! பக்கத்தோடு பக்கமாகப் பிடித்துவிட்டது. இவருக்குப் போன் எடுத்தேன். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னது? ஒட்டிப்போட்டாவோ? எதிலை ஒட்டினவா?"

"தேசாதிபதியின்ரை அல்பத்திலை."

"உனக்கென்ன விசரே?" என்றவர் மேலே ஒன்றும் கேட்காமல் போனை வைத்துவிட்டார்.

மணி ஒன்பதரை. சிஞ்ஞோரா எழும்பி அறைக்குள் போனார். முத்துத் தோடும், தொப்பியும், குளிருக்குப் போடுகிற நீலக் கோட்டுமாகத் திரும்பி வந்தார். மேசை விரிப்பை உருவி அல்பத்தைச் சுற்றினார்.

"வெளிக்கிடு. அல்பத்தோடை போவம்."

சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. டாக்சியில் அல்பத்தை எங்கள் இரண்டு பேருடைய மடியிலும் குறுக்கே வைத்துக்கொண்டு போனோம். மலை மேலே கோயில் கொண்டிருக்கிற இந்த ஊர்ப் புனிதைக்கு வெறுங்காலோடு ஏறி வருகிறேன் என்று நேர்த்தி வைத்தேன். முருகனுக்கும் தனியாக ஒன்று வைத்தேன், குறை நினைக்கக் கூடாது பாருங்கள்.

குவெஸ்தூராவில் வழமையான சனம். வரிசையில் எங்களுக்குத் தெரிந்த மன்னார் ஆள் ஒருவர் நின்றார்.

"என்ன அக்கா, கலியாண அல்பத்தையும் கேக்கத் தொடங்கீட்டினமோ?"

"பேசாமல் இருங்கோ தம்பி, நான் செத்துக்கொண்டிருக்கிறன்" என்றேன்.

பதினொன்றேகாலுக்கு என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மொட்டைத் தலை அதிகாரி, தடிமன் பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். "துண்டு?" என்றார் நிமிராமல். நானும் சிஞ்ஞோராவும் அல்பத்தைத் தூக்கி அவருக்கு முன்னால் தொப்பென்று வைத்துத் திறந்தோம்.

அவர் நிமிர்ந்தார். நாய்களைப் பார்த்தார். சேர், லேடி, கப்டன் எல்லாரையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். படத்தில் இருந்த என்னையும் பார்த்தார்.

"இது என்ன?"

"பிழை முழுக்க என்ரை" என்றார் சிஞ்ஞோரா, தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு. "எனக்கு எண்பத்திரண்டு வயசு. நான் ஒட்டுறனான்."

அதிகாரி இன்னொருதரம் மூக்கைச் சிந்தினார். பிறகு வெளிச்சம் அடித்து இலக்கம் வாசிக்கிற கருவியை வயரோடு இழுத்துக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நீட்டினார். நாங்கள் அல்பத்தைச் சரித்துப் பிடித்தோம். ஒருதரம் இல்லை. இரண்டாம் தரமும் இல்லை. மூன்றாம் தரம் 'பீப்' என்றது! பின்னால் நின்ற மன்னார் ஆள் விசில் அடித்தார். யாரென்றே தெரியாத நைஜீரியப் பெண்கள் கை தட்டினார்கள். நான் சிஞ்ஞோராவைக் கட்டிப்பிடித்தேன்.

"அட்டை இருக்கு" என்றார் அதிகாரி. "ஆனா துண்டு என்னட்டை வர வேணும். ஃபைலிலை வைக்க வேணும். இந்தப் புத்தகத்தை நான் ஃபைலுக்குள்ளை வைக்க ஏலாது." மேசை லாச்சியைத் திறந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினார்.

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்டுகிறதுக்குமுன் ஒரு யோசனைக்குப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். துண்டு இருக்கிற இடத்துக்கு நேர் பின்னால், மற்றப் பக்கத்தில், தேசாதிபதி நின்றார். முழுச் சீருடை. நெஞ்சு நிறையப் பதக்கம், இடுப்பில் வாள், தலையில் இறகு வைத்த தொப்பி. அந்தக் கோலத்தில் அவருடைய படம் அந்த வீட்டில் அது ஒன்றுதான். நூதனசாலைப் பெண் மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்ததும் அந்தப் படத்தைத்தான்.

நான் அல்பத்தை மூடினேன்.

"வேண்டாம், சிஞ்ஞோரா. நான் திரும்ப நாள் எடுக்கிறன்."

"திங்கக்கிழமை?"

"போகட்டும். பிறகு பாப்பம்."

சிஞ்ஞோரா என்னை ஒருதரம் பார்த்தார். "பிள்ளைக்கு இப்ப எத்தினை வயசு?"

"ஏழு."

என் கையில் இருந்து கத்தரிக்கோலை வாங்கி, அல்பத்தைத் திரும்பத் திறந்தார். வெட்டப் போனால் பக்கம் நழுவி நழுவி விலகியது. அதைப் பார்த்து அதிகாரி எழும்பி வெளியே வந்து, பக்கத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். கரக், கரக், கரக் என்று சிஞ்ஞோரா நாலு பக்கமும் வெட்டினார். துண்டு கழன்று வந்தது. அதன் பின்பக்கத்தில் தேசாதிபதியின் தலையும் இறகுத் தொப்பியும் கழுத்தோடு வந்துவிட்டன. பதக்கமும் வாளும் அல்பத்திலேயே நின்றன.

அதிகாரி துண்டைத் திருப்பிப் பார்த்தார். "இவர் ஆர்?"

"என்ரை அம்மப்பா" என்றார் சிஞ்ஞோரா. "உங்கடை ஃபைலுக்குள்ளை வையுங்கோ. எல்லாரும் அவருக்காண்டிக் காத்து நிண்டவை. அவர் ஒருநாளும் ஒரு கந்தோரிலையும் காத்து நிண்டதில்லை, கொஞ்சம் பழகட்டும்."

அதிகாரிக்குத் தடிமனோடு சிரிப்பும் சேர்ந்து வந்து இருமினார். என் பெயர் போட்ட ஃபைலைத் திறந்து, துண்டை உள்ளே வைத்து, இறகுத் தொப்பியின் நடுவால் ஒரு ஸ்டேப்பிள் அடித்தார். அடுத்த நிமிடம் புது அட்டை என் கையில் இருந்தது.

வாசல் படியில் நின்றே தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். அங்கே பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரம். மகள்தான் எடுத்தாள். "கிடைச்சிட்டுது! கடதாசி கிடைச்சிட்டுது!" என்று நான் கத்த, பக்கத்தில் நின்ற சிஞ்ஞோரா போனுக்குள் தலையை விட்டு, பென்வெனூத்தா, பென்வெனூத்தா, நல்வரவு நல்வரவு என்று என்னைவிடப் பலமாகக் கத்தினார்.

"அம்மா, ஆரது கத்துறது?"

எனக்கு இருந்த சந்தோஷத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "உன்னை இஞ்சை எடுக்கிறதுக்காண்டித் தன்ரை தாத்தாவின்ரை தலையை வெட்டின சிஞ்ஞோரா!"

போனில் சின்னக் குரலில் பதில் வந்தது: "அம்மா… நான் வரேல்லை."

தம்பி மகனுக்கு விஷயம் தெரிந்து அவன் மிலானோவில் இருந்து கத்தின கத்தல் குசினிவரை கேட்டது. சிஞ்ஞோரா போனைக் காதில் இருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பட்டாணி உரித்தார். அவன் கத்தி முடிந்ததும், "ஓம், நான்தான் வெட்டினனான். வேணுமெண்டால் குவெஸ்தூராவிலை போய் அவரைப் பார், வியாழக்கிழமையிலை திறப்பினம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நவம்பரில் மகள் வந்தாள். விமான நிலையத்துக்கு நானும் இவரும் போனோம். வேண்டாம், குளிர் என்று சொல்லச் சொல்லச் சிஞ்ஞோராவும் வந்தார். கண்ணாடிக் கதவு திறந்து, விமானத்தில் பார்த்துக்கொள்கிற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். நாலு வருஷம்! ஓடிப்போய்த் தூக்கினேன். பாரம், தூக்க முடியவில்லை. இவர் அழுதார், நான் அழுதேன். பிறகு, "இதுதான் சிஞ்ஞோரா" என்று காட்டினேன்.

அவ்வளவுதான், மகள் சட்டென்று எனக்குப் பின்னால் ஒளிந்து, இரண்டு கையாலும் தன் கழுத்தை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

"என்ன, பிள்ளைக்குக் கழுத்து நோகுதோ?" என்று சிஞ்ஞோரா பதறினார்.

எதைச் சொல்ல? "குளிருதாக்கும்" என்றேன்.

சிஞ்ஞோரா முழங்காலில் குந்தினார். எண்பத்திரண்டு வயதில் குந்துவது லேசா? இவர் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தன் கழுத்தில் இருந்த கம்பளிச் சால்வையைக் கழற்றி, அவளுடைய கழுத்தைச் சுற்றி, அந்தச் சின்னக் கைகளுக்கு மேலாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். மகள் மூச்சு விடாமல் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சால்வைக்குள் இருந்து மெல்ல ஒரு கையை எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து மற்றக் கையையும் எடுத்தாள்.